சேறு அறியாத வண்டிகள்

சென்ற ஐப்பசியில் குறுவை அறுவடைக்கு நாள் பார்த்திருந்த வேளையில் மழை பிடித்துக்கொண்டது. மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் வயலில் கதிர் சாயத் தொடங்கியிருந்தது. சாலையோரத்தில் டயர் பூட்டிய அறுவடை வண்டிகள் இரண்டு சும்மாதான் நின்றன. ஆனால் அவற்றை வயலில் இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும் என்பதால், டயருக்குப் பதில் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டிக்காரரின் பதிலுக்காக அண்ணன் கைப்பேசியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டும் அறுப்பது ஒரே நெல்லைத்தான் என்றாலும் பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல்.

பள்ளிக்கு மழை விடுமுறை விட்டிருந்ததால், அண்ணன் மகள் என் மடிக்கணினியின் முன் வந்து அமர்ந்தாள். ரஃபேல் மட்சுநாகா என்பவர் எழுதிய, இணைய உலாவியிலேயே ஓடக்கூடிய பரிணாம வண்டி நிரலை அவளுக்குத் திறந்து காட்டினேன். 8 முனைகள் கொண்ட கோணல்மாணலான ஓர் உடலும் 2 சக்கரங்களும் சேர்ந்ததே ஒரு வண்டி. முனைகள் எங்கே அமைய வேண்டும், சக்கரம் எவ்வளவு பெரிது, எவ்வளவு கனம் என்பவையெல்லாம் எண்களாக அதன் மரபணுவில் எழுதப்பட்டிருக்கும். ஒரு தலைமுறைக்கு 20 வண்டிகள். முதல் தலைமுறையின் எண்கள் குருட்டாம்போக்கில் விழுபவை என்பதால் பல வண்டிகள் பிறந்த இடத்திலேயே குப்புறக் கிடக்கும். நகராமல் நிற்கும் வண்டிக்கு உயிர் குறைந்துகொண்டே வந்து அணைந்துவிடும். அதிகத் தூரம் சென்றவை பெற்றோராகும் வாய்ப்பு அதிகம். இரு பெற்றோரின் எண்கள் கலந்து, அவற்றுள் சில தற்செயலாக மாறி, அடுத்த தலைமுறை பிறக்கும்.

முதல் பத்துத் தலைமுறை வரை அவளுக்கு இருந்த உற்சாகம் இருபதுக்குள் வடிந்துவிட்டது. வண்டிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகி, ஒரே மேட்டின் அடியில் வரிசையாக மடிந்துகொண்டிருந்தன. இந்தத் தேக்கத்தைப் பாடநூல்கள் மலையேற்றத்தை வைத்து விளக்குவது வழக்கம்: சிறு குன்றின் உச்சியை அடைந்தவர் அதையே சிகரம் என்று எண்ணி நின்றுவிடுவாராம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குன்றே இல்லாத டெல்டாவில் இந்த உவமை எடுபடாது. நான் தண்ணீரைக் காட்டிச் சொன்னேன். பள்ளம் தேடி ஓடும் நீர் ஒரு வயலின் மூலையில் தேங்கிவிடுகிறது; அடுத்த வயல் அதைவிடத் தாழ்வாக இருந்தாலும் நடுவில் வரப்பு நிற்கிறது. எண்கள் தற்செயலாக மாறும் அளவை, அதாவது சடுதி மாற்றத்தின் அளவை, கூட்டுவது அந்த வரப்பில் மடை வெட்டுவது போன்றது. கண்ட இடத்தில் எல்லாம் வெட்டினால் எந்த வயலிலும் நீர் நிற்காது என்பதையும் உடனே பார்த்தோம்: அளவை ஒரேயடியாகக் கூட்டியபோது, நல்ல வண்டிகளுக்குப் பிறந்தவையும் குப்புற விழுந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதில், முன்சக்கரம் பெருத்து வால் நீண்ட ஒன்று முப்பத்தேழாம் தலைமுறையில் அந்த மேட்டைத் தாண்டியது. அவள் கைதட்டிவிட்டு, தரையை மாற்றிப் பார்க்கலாம் என்றாள். புதிய தரையின் இரண்டாவது பள்ளத்திலேயே அது கவிழ்ந்தது. பழைய பாதையை அது மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறது.

இந்த வகை முயற்சிகளுக்கெல்லாம் முன்னோடி என்று நான் கருதுவது கார்ல் சிம்ஸ் 1994-இல் சிக்ராஃப் என்னும் கணினி வரைகலை மாநாட்டில் வெளியிட்ட ஆய்வைத்தான். கணினிக்குள் அவர் உருவாக்கிய உயிரினங்கள் கட்டைகளை மூட்டு மூட்டாகக் கோத்தாற்போல இருக்கும். உடலோடு சேர்ந்து, மூட்டுகளை இயக்கும் நரம்பு வலையும் பரிணமிக்கும். 300 உயிரினங்களை 100 தலைமுறை வரை வளர்க்க, 32 செயலிகள் கொண்ட கனெக்‌ஷன் மெஷின் கணினிக்குச் சுமார் 3 மணி நேரம் ஆனதாம். நீரில் விட்டவற்றுள் சில பாம்பு போல நெளிந்தும் சில துடுப்புப் போட்டும் நீந்தின. நிலத்தில்தான் வேடிக்கை. வேகத்துக்கு மதிப்பெண் என்றால், உயரமாக வளர்ந்து தொப்பென்று விழுந்தாலே போதும், விழுவதும் வேகம்தானே. இந்தக் குறுக்கு வழியை அடைப்பதற்காக, உராய்வும் தசை விசையும் இல்லாமல் முதலில் ஓடவிட்டு, உடல் சரிந்து அடங்கிய பிறகே சிம்ஸ் மதிப்பெண்ணைக் கணக்கிடத் தொடங்கினார். உயிரினத்தைக் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டதைத்தான் அது கொடுத்தது.

இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தவள், நம் வயலை இதில் போட முடியுமா அத்தை என்று கேட்டாள். முடியாது. மேடும் பள்ளமும் எவ்வளவு வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் இந்த வண்டிகளின் உலகத்தில் சேறு கிடையாது. அங்கே தரை என்பது கெட்டியான கோடுகளின் தொடர். ஆயிரம் வண்டிகள் ஓடினாலும் ஒரு தடம்கூடப் பதியாது. எங்கள் மண் அப்படிப்பட்டதன்று. மிதித்தால் உள்வாங்கும், எடுத்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், முன்னால் போனவரின் தடத்திலேயே பின்னால் வருபவரைப் புதைக்கும். அதனால்தான் சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் என்னும் கூண்டு போன்ற இரும்புச் சக்கரம் மாட்டுகிறோம். அதே சக்கரம் தார்ச்சாலையில் ஏறினால் சாலையைக் கிழித்துவிடும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகை நிறுத்திவிட்டுப் பார்த்தால், சேற்றில் துள்ளும் உளுவை மீன்கள் மார்புத் துடுப்புகளை ஊன்றி ஊன்றி நகர்வது தெரியும். கெட்டித் தரையில் மட்டும் சோதித்திருந்தால் அந்தத் துடுப்புக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்? மண்ணைத் துகள் துகளாகக் கணக்கிட்டுச் சேற்றையும் கணினியில் உருவாக்க முடியும்தான், ஆனால் அதற்குக் கணக்கீடு பன்மடங்கு பெருகும். திண்ணையில் வைத்து விளையாடும் மடிக்கணினிக்கு அது தாங்காது.

ஐந்தாம் நாள் காலையில் பெல்ட் வண்டி வந்து சேர்ந்தது. வடக்கு மூலை உள்வாங்கும், அங்கே வளைக்க வேண்டாம் என்று அண்ணன் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்தில் அது ஓட்டுநர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முதல் சுற்றில் அந்த மூலையிலேயே வண்டியைத் திருப்பினார். பெல்ட் பதிந்த தடத்தில் சிறிது நேரத்தில் நீர் ஊறி நின்றது. இரண்டாம் சுற்றில், யாரும் சொல்லாமலே, பத்தடி முன்னதாகவே வளைத்துக்கொண்டார்.