தொட்டில் வந்த பிறகு

மார்ச் 2
வயிற்றில் பாப்பா. இன்னும் படுக்கைதான். எழுந்திருக்கக் கூடாதாம்.

மார்ச் 4
மகள் பொம்மையின் நாற்காலியில் உட்காரப் போனாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும் அது. விளையாட்டுக்கு இல்லை, முகத்தில் அத்தனை தீவிரம். முதுகைத் திருப்பி, கால் இடுக்கில் குனிந்து பார்த்து, மெதுவாக உட்கார்ந்தாள். சரிந்தது. நிமிர்த்தி வைத்து மறுபடியும் உட்கார்ந்தாள். கண்ணில் ஏதாவது கோளாறா? தூக்கமே வரவில்லை.

மார்ச் 5
கண்ணில் ஒன்றும் இல்லை. 2004இல் உளவியலாளர் ஜூடி டிலோச்சும் உடன் ஆய்வு செய்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதியது இதைத்தான். ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள பிள்ளைகள். முதலில் பெரிய சறுக்குமரம், நாற்காலி, ஏறி ஓட்டுகிற கார். வெளியே கூட்டிப்போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் குட்டியாக மாறியிருக்கும். பல பிள்ளைகள் அதிலும் சறுக்கப் பார்த்தார்கள். கார்க் கதவை விரல் நுனியால் பதமாகத் திறந்துவிட்டு, அதற்குள் காலை நுழைக்கப் பார்த்தார்கள்!

விரலுக்கு அளவு தெரிகிறது. 'இதில் ஏறலாம்' என்று முடிவெடுக்கிற இடத்துக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அவர்கள் சொல்லும் விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

மார்ச் 6
வலி. எழுத முடியவில்லை.

மார்ச் 9
பிறந்து சில நாளே ஆன சிசுவுக்குக்கூட, தள்ளி வைத்தாலும் பொருளின் அளவு மாறாது என்பது பிடிபடுகிறதாம். ஒன்பது மாதத்தில், தொடுவதற்கு முன்பே பொருளுக்கு ஏற்றபடி கை விரிகிறது. இவளும் இரண்டு பந்தைக் காட்டி எது பெரிசு என்றால் சரியாகத்தான் தொடுகிறாள். இவ்வளவும் தெரிந்த பிள்ளை!

தொட்டிலைப் பூட்டி முடித்துவிட்டார் இவர்.

மார்ச் 11
பாப்பாவுக்கு எடுத்து வைத்த காலுறை கட்டை விரலோடு நின்றுவிட்டது. "அம்மா, போடு." ஒரே அழுகை. எப்படிச் சொல்வது அவளுக்கு? நேற்றுவரை எல்லாக் காலுறையும் அவளுடையதுதானே.

இன்றைக்குக் காலுறை. நாளைக்குத் தொட்டில். பாப்பா உள்ளே தூங்கும்போது, தானும் அதற்குள் அடங்குவோம் என்று காலைத் தூக்கிப் போட்டால்?

மார்ச் 12
"தொட்டிலை நம்ம கட்டிலோட ஒட்டிப் போடுங்க" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறார். அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டாக ஏறுகிற பிள்ளையை அதட்டி நிறுத்தலாம். இவள் உண்மையிலேயே நம்பி ஏறுவாள்.

மார்ச் 14
இரண்டு வயதை ஒட்டித்தான் இது அதிகமாம், பிறகு தானாகக் குறையுமாம். சரி. ஆனால் பாப்பா அதுவரை காத்திருக்காதே.

மார்ச் 15
தொட்டிலை நகர்த்திவிட்டார். கால்கள் ஆடாமல் இருக்கின்றனவா என்று இன்னொரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து இடுப்பு விட்டு விட்டு வலிக்கிறது. அப்புறம் எழுதுகிறேன்.