கழுத்துக்குப் போகும் கை

12-வது கீமோ ஏறி முடிந்ததும் வார்டில் எல்லோரும் கைதட்டினார்கள். 2 வாரத்துக்கு ஒன்று என்று 6 மாதம் ஓடிய ஓட்டம். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். எனக்கு அப்போது வயது 21. "ஜெயிச்சிட்டடீ" என்று அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை. இனி 2 வாரத்துக்கு ஒரு முறை என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல ஆள் கிடையாது என்பது அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் உறைத்தது.

அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு நோய் தெரியவந்ததே கழுத்தில் கட்டிய நெறியால்தான். வலிக்காத நெறி. வலித்திருந்தால் முன்னாலேயே டாக்டரிடம் போயிருப்பேன். வலிக்காததால் 3 மாதம் கண்டுகொள்ளவில்லை. அந்த 3 மாதத்துக்குப் பரிகாரம் போல, காலை எழுந்ததும், பல் தேய்க்கும்போது, வகுப்பில், தூக்கம் வராத நடுராத்திரியில் என்று விரல் தானாகக் கழுத்துக்குப் போய்விடும். அழுத்தி அழுத்தி அந்த இடமே கன்றிப்போய் வலிக்கும். வலித்தால் புதுப் பயம்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடி வளர்ந்துவிட்டது, எடை ஏறிவிட்டது, படிப்பைத் தொடர்கிறேன். இதற்கு மேல் என்ன என்பது போலத்தான் எல்லோர் முகமும் இருந்தது. ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர், தனக்கே 32 வயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர், 1985-ல் ஒரு கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். தண்ணீரில் மூழ்குபவரை இழுத்துக் கரையேற்ற என்னென்னவோ கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் கரையில் போட்டதோடு நம் வேலை தீர்ந்தது என்று, இருமித் தவிப்பவரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம் என்கிற பொருளில். நான் பிறப்பதற்கு முன்பே எழுதியது. படித்துவிட்டு, இருமிக்கொண்டிருப்பது நான் மட்டும் இல்லை என்று கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அந்த அறை கீமோ வார்டு இருக்கும் அதே மாடியில். லிஃப்ட் கதவு திறந்ததும் சானிடைசர் வாசனை. கூடவே, ஊசிக் குழாயை உப்புநீர் விட்டுக் கழுவும்போது நாக்கில் ஏறுமே, அந்த உலோகச் சுவை. மருந்தே ஏறவில்லை, சுவை மட்டும் வரும். மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் கதைதான், எனக்கு எச்சிலுக்குப் பதில் வாந்தி. முதல் தடவை லிஃப்ட் வாசலிலேயே எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி கேட் வாசலோடு திரும்பிவிட்டேன். அப்புறம்தான் ஆன்லைனில் பார்க்கும் ஒரு கவுன்சிலரைப் பிடித்தேன்.

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்போ நீங்க இருக்கற இடத்தோட முழு முகவரி சொல்லுங்க." இரண்டாவது, "பக்கத்துல யார் இருக்காங்க? அவங்க நம்பர்?" ஏதோ கூரியர் புக் பண்ணுவது போல இருந்தது. ஒவ்வொரு வாரமும் இதைக் கேட்டார். நான் பேசிக்கொண்டே ஏதாவது செய்துகொண்டுவிட்டால், திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் யாரை எங்கே அனுப்புவார்? அதற்காகத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்கு 3 வாரம் ஆனது. புரிந்த பிறகு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. இப்போது யாராவது ஆன்லைன் கவுன்சிலிங்குக்கு ஆள் தேடினால், படிப்பு என்ன, புற்றுநோயாளிகளோடு வேலை செய்திருக்கிறாரா என்பவற்றோடு, முகவரி கேட்டாரா என்றும் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது, அறை. எங்கள் வீட்டில் உள்ளே தாழ் போட முடிகிற ஒரே கதவு குளியலறைக் கதவு. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, போனைக் குழாய்மேல் சாய்த்து வைத்துத்தான் என் வைத்தியம் நடந்தது. "செத்துப்போயிடுவேனோன்னு பயமா இருக்கு மேடம்" என்பதை அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொல்லிப் பாருங்கள், தெரியும். வெளியே அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் பேசி வைத்திருந்தோம்: "அசைன்மென்ட் அனுப்பிட்டேன் மேடம்." உடனே அவர் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நன்றாகவே நடிப்பார்.

நாலாவது வாரம் என்று நினைவு. ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தி, "ஓரத்துல உங்க படம் தெரியுதில்ல, அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டுப் பேசுங்க" என்றார். பேசினேன். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். அவள் கை எழுந்தது. கழுத்துக்குப் போனது. இறங்கியது. மறுபடி எழுந்தது.

"இது 6-வது தடவை" என்றார்.

நேரில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அவர் சொல்லித்தான் கேட்டிருப்பேன், நம்பியிருக்கவும் மாட்டேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எண்ணச் சொன்னார். முதல் நாள் கணக்கு 43. டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு முறை, குளிக்கும்போது பார்ப்பது என்று முடிவானது. மற்ற நேரத்தில் கை எழுந்தால் கீழே போட்டுவிட்டு, பயம் தானாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இறங்காது என்றுதான் நினைத்தேன். முதல் தடவை இறங்க 20 நிமிடத்துக்கு மேல் ஆனது.

குழுவிலும் சேர்த்துவிட்டார். வாரம் ஒரு மணி நேரம், 5 பேர், வயது 17-லிருந்து 29 வரை. இந்த வயதுக்காரர்கள் புற்றுநோய் வார்டில் எங்கேயும் பொருந்த மாட்டோம். ஒரு பக்கம் சுவரில் பொம்மை ஒட்டிய குழந்தைகள் வார்டு, இன்னொரு பக்கம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். அமெரிக்காவில் 15 முதல் 39 வரை தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுக்காரர்களை வீடியோவில் சின்னச் சின்னக் குழுவாக உட்காரவைத்து 6 வார நிகழ்ச்சியே நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் குழுவின் 17 வயதுக்காரன் முழங்கால் எலும்பில் கட்டி வந்து, எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைத்தவன். அவன் கேமராவில் எப்போதும் மின்விசிறிதான் தெரியும். 3 வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் வாரம் சாட்டில் ஒரு வரி வந்தது: "முடி வளந்தா முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க அக்கா." யாரும் பதில் போடவில்லை. ஒவ்வொருத்தராக எங்கள் கேமராவையும் விட்டத்துக்குத் திருப்பினோம். அன்றைக்கு 5 விட்டங்கள் உட்கார்ந்து முடி, கல்யாணம், குழந்தை பிறக்குமா என்று என்னென்னவோ பேசின.

எல்லாக் குழுவும் இப்படி இருக்காது. அதற்கு முன்னால் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தேன். நடத்த ஆள் இல்லை. காலையில் "நீ ஒரு போராளி" படங்கள் (நான் போராடவில்லை, கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்), இரவில் யாரோ ஒருவருடைய ரிப்போர்ட். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு, தினமும் ஜோக் போடும் ஒரு பையனின் நம்பரிலிருந்து அவனுடைய அம்மா எழுதியிருந்தார். அவனுக்கும் ஹாட்ஜ்கின்தான். விடியும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பொறுப்பான ஆள் உள்ளே இருந்திருந்தால் செய்தி வராமல் இருந்திருக்காது. ஆனால் 2 மணிக்கு, தனியாக இருக்கும் என் கையில் அப்படி வந்து விழுந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்துக் கவுன்சிலர் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார், "ஃபாலோ-அப் எப்போ?"

தள்ளிப்போட்டிருந்தேன். இரண்டு முறை. எனக்குக் கொடுத்த சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்க வேண்டியிருந்தது. அதையும் எடுக்கவில்லை.

"ஸ்கிரீன் உங்களுக்கு நல்லா உதவுது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகாம இருக்கறதுக்கும் அதுதான் உதவுதோ?"

கோபம் வந்தது. நெட்வொர்க் சரியில்லை என்று பொய் சொல்லிக் கட் பண்ணினேன். அடுத்த வாரம் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், 0-விலிருந்து 100 வரை பயத்துக்கு நம்பர் போடச் சொல்லி ஒரு பட்டியல் தயாரிக்க வைத்தார். ஆஸ்பத்திரி போட்டோவைப் பார்ப்பது 30. சானிடைசரைக் கையில் ஊற்றி முகர்வது 55. கேட் வாசலில் நிற்பது 70. லிஃப்டில் ஏறி அந்த மாடிக்குப் போவது 95. வாரத்துக்கு ஒரு படி. கேட் வாசல் வந்தபோது அவர் என் சட்டைப் பையில் இருந்தார், காதில் இயர்போன். அறையில் உட்கார்ந்து பார்க்கும் கவுன்சிலரால் இப்படி என்னோடு கேட்வரை நடந்து வந்திருக்க முடியாது.

ஃபாலோ-அப் அன்று லிஃப்டுக்குள்ளும் கூடவே வந்தார். "நம்பர் என்ன?" "90." கதவு திறந்தது. அதே வாசனை. "இப்போ?" "92. வாய்ல உலோகம் மேடம்." "சரி. நில்லுங்க. எங்கயும் போக வேண்டாம், அப்படியே நில்லுங்க." நின்றேன். வாந்தி தொண்டைவரை வந்து நின்றது. ரத்தம் கொடுத்தேன். டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்த்து "ஒண்ணும் இல்லம்மா" என்றார். எக்கோ அறை கீழ்த்தளத்தில். படி இறங்கும்போதே சிக்னல் போய்விட்டது. இயர்போனில் சத்தமே இல்லை. திரும்பிப் படியேறலாமா என்று யோசிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டு மேலே வந்ததும் போன் அதிர்ந்தது. இரண்டு மிஸ்டு கால், ஒரு மெசேஜ்: "நம்பர்?"

40 என்று அடித்தேன். அழித்துவிட்டு 65 என்று போட்டு அனுப்பினேன்.