கண்ணைப் பார்ப்பதும் மனிதரைப் புரிந்துகொள்வதும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எழுதப்படும் பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் முதலில் நிற்கும் இலக்கு, பெயர் சொல்லி அழைத்ததும் பிள்ளை எதிரில் இருப்பவரின் கண்ணை இத்தனை விநாடி பார்க்க வேண்டும் என்பதுதான். சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பணிபுரியும் நான் அந்த இலக்கை எழுதுவதில்லை. "ஐ கான்டாக்ட் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் அல்லவா, மிஸ்?" என்று பெற்றோர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். அவர்களுக்கு அரை மணி நேரத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு முகம் நம்மை ஈர்ப்பது, அது யாருடையது என்று அறிவது, அதில் தெரியும் உணர்ச்சியைக் கண்டுகொள்வது, அந்த மனிதரின் நோக்கத்தை ஊகிப்பது ஆகியவை தனித்தனித் திறன்கள். பெரும்பாலானோருக்கு இவை கைகோத்து வளர்வதால் எல்லாம் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது. வில்லியம்ஸ் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் நிலைக்காது. ஏழாவது குரோமோசோமில் ஏறத்தாழ 25 மரபணுக்களைக் கொண்ட சிறு பகுதி விடுபட்டுப்போவதால் ஏற்படும் இந்த நிலையில், பிள்ளைகள் முகங்களை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார்கள். முன்பின் தெரியாதவரிடமும் ஓடிச் சென்று பேசுவார்கள். 'ஐ கான்டாக்ட்' என்னும் தேர்வில் அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆயினும் நட்பைத் தக்கவைத்துக்கொள்வதும், ஒருவர் நல்லெண்ணத்தோடு பேசுகிறாரா இல்லையா என்று கணிப்பதும் அவர்களுக்குப் பெரும்பாடு. அழைத்தவரோடு போய்விடுவார்களோ என்ற அச்சம் அவர்களைப் பெற்றவர்களை விட்டு நீங்குவதே இல்லை. மறுபுறம், பிறவியிலேயே முகங்களை அடையாளம் காண இயலாத சிலர், குரலையும் நடையையும் கொண்டே ஆட்களை அறிந்து, நட்பு வட்டத்தோடு இயல்பாக வாழ்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆமி கிளின் குழுவினர் நடத்திய ஆய்வு பலரால் மேற்கோள் காட்டப்படுகிறது. உரையாடல் நிறைந்த திரைப்படக் காட்சிகளைப் பார்க்கும்போது பார்வை எங்கெல்லாம் செல்கிறது என்று கருவி கொண்டு அளந்தபோது, ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் கண்களை மிகக் குறைவாகவும், வாயையும் உடலையும் பொருள்களையும் அதிகமாகவும் பார்த்தது தெரிந்தது. இதோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். ஆனால் அதே ஆய்வில், அவர்களுள் வாயை அதிகம் பார்த்தவர்களே சமூக வாழ்வில் மேம்பட்டிருந்தார்கள் என்பதும், பொருள்களை அதிகம் பார்த்தவர்களே பின்தங்கியிருந்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளன. பேச்சு பிறக்கும் இடத்தைப் பார்த்துப் பேச்சைப் பற்றிக்கொள்பவர், தமக்கு இயன்ற வழியில் அந்த உரையாடலுக்குள் இருக்கிறார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 1978இல் டிம் லாங்டெல் வெளியிட்ட ஆய்விலும், முகத்தின் கீழ்ப்பாதியை மட்டும் காட்டியபோது உடன் படிப்பவர்களை அடையாளம் காண்பதில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளே முந்தினார்கள்.

இனி, வற்புறுத்திக் கண்ணைப் பார்க்கவைத்தால் என்ன ஆகும்? நூஷின் ஹஜிகானி குழுவினர் 2017இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், கண் பகுதியையே பார்க்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டபோது, அச்சத்தோடும் விழிப்புணர்வோடும் தொடர்புடைய அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டன. அக்கறையின்மையால் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். பெரியவர்கள் பேசும்போது தலையைத் தாழ்த்தி நிற்பதே மரியாதை என்று வளர்க்கப்பட்ட நாம், இந்தப் பிள்ளைகளிடம் மட்டும் இவ்வளவு கடுமை காட்டுவது எனக்கு வேதனையளிக்கிறது.

எங்கள் மையத்துக்கு வரும் ஒரு சிறுவன், வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே அன்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடுவான். ஒரு திருமண மண்டபத்தில் பட்டுப்புடவையும் பூவுமாக, கண்ணாடி அணியாமல் நின்ற என்னை அவன் கடந்தே போய்விட்டான். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டதும் சட்டென்று நின்று, என் தோளுக்கு அப்பால் பார்த்தபடி, "மிஸ், நீங்க செவ்வாய்க்கிழமை மஞ்சள் பாக்ஸ் தர்றேன்னு சொன்னீங்க" என்றான். அதில் இல்லாத உறவு எது? என் முகம்தான் அவனுக்கு உதவவில்லை.

சிக்கலை முழுவதும் பிள்ளையின் கணக்கிலேயே எழுதுவதும் நியாயமன்று. நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஆட்டிசம் உள்ளவர்களைச் சில விநாடிகள் பார்த்த அளவிலேயே மற்றவர்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடமோ அந்த வேறுபாடு காணப்படவில்லை. முகத்தைத் தவறாகப் படிப்பது இங்கே நாமும்தான்.

ஆகவே நான் எழுதும் திட்டங்களில், எதிரே அமர்வதற்குப் பதிலாகப் பக்கத்தில் அமர்ந்து ஒரே வேலையை இருவரும் சேர்ந்து செய்வது முதல் இலக்காக இருக்கிறது. கோபம், அழுகை என்று படம் போட்ட அட்டைகளை ஓரளவுக்குத்தான் பயன்படுத்துகிறேன். அசையாத படத்துக்குப் பெயர் சொல்லப் பழகிய பிள்ளை, அம்மாவின் முகம் வாடும்போது அதை உணர்ந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல இயலாது. அதைவிட, "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லும்படி வீட்டிலுள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது: சீருடை அணிந்த நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அந்தப் பிள்ளையிடம் பேசப் போகும்போது, முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உடன் படிக்கும் பிள்ளைகளையும் அப்படியே சொல்லப் பழக்குங்கள்.