முதிரைச் சட்டத்தில் பிளக்காமல் இறங்கிய ஆணி: நெயில் கன் அனுபவம்

சுவாமிப்பட அலுமாரியின் முகப்புச் சட்டங்கள் நான்கும் ஏறிவிட்டன. எல்லாம் பழைய யன்னல் நிலையிலிருந்து அறுத்தெடுத்த முதிரை, வைரமான மரம். ஒரு சட்டம்கூடப் பிளக்கவில்லை, ஓர் ஆணிகூடப் பக்கவாட்டில் மூக்கை நீட்டவில்லை. முதிரையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆகவே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

கருவி, 18 வோல்ற் பற்றரியில் ஓடும் 18 கேஜ் நெயில் கன். ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணி, 50 மில்லிமீற்றர் நீளம் வரை அடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டி வரும் ஆணிப் பட்டையை எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது, கருவியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்பதை மட்டுமே. ஆணி எங்கே போய் முடியும் என்பதைப் பற்றரியின் வலுவைவிட அந்தப் பிடிதான் தீர்மானிக்கிறது.

ஆணிப் பட்டை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். ஊசிக்கூர் இராது, இரண்டு பக்கமும் சரிவாக வெட்டிய உளிவாய்தான் இருக்கும். அந்த வாய் பட்டையின் நீளப்போக்கிலேயே ஓடுகிறது. அதாவது, கருவிக்குள் போட்டதும் சரிவுகள் இடப்புறமும் வலப்புறமும் பார்த்து நிற்கும். உள்ளே இறங்கும்போது மரத்தின் கடினமான வரி (நார்) ஒன்று எதிர்ப்பட்டால், ஆணி அந்தச் சரிவின் வழியே வழுக்கி இடமோ வலமோ வளைகிறது. முன்னுக்குப் பின்னுக்கு வளைவது அரிது.

இப்போது 18 மில்லிமீற்றர் பலகையின் விளிம்பில் சட்டத்தை வைத்து அடிப்பதாக எடுத்துக்கொள்வோம். ஆணிக்கூட்டை, அதாவது பட்டை இருக்கும் நீளப் பகுதியை, விளிம்பின் நீளவாக்கில் பிடித்தால், வளைகிற ஆணிக்கு இரு புறமும் 9 மில்லிமீற்றர் மரம்தான் இருக்கிறது. முதிரையில் அது போதவே போதாது, வெளியே வந்துவிடும். கூட்டை விளிம்புக்குக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால், வளைந்தாலும் பலகையின் நீளப்போக்கில் மரத்துக்குள்ளேயே வளையும். இன்னோர் இலாபமும் உண்டு. குறுக்குப் பிடியில் உளிவாய் வரியை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. நீளப் பிடியில் அதே வாய் ஆப்பாக மாறி வரியைப் பிரிக்கிறது. முதிரை பிளப்பது அங்கேதான்.

குறுக்குப் பிடியில் கைக்கு வசதி குறைவு என்பது உண்மை. மூலைகளில் கூடு போய் முட்டும். அலுமாரியை மல்லாத்திப் படுக்கவைத்து, நான் மறுபக்கம் சுற்றி வந்து அடித்தேன். மூலையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டே கடைசி ஆணி.

ஆணி வளையும் திசை தெரிந்தால் மற்றக் கையை எங்கே வைக்கக்கூடாது என்பதும் தெரியும். ஆணியின் நீளத்துக்குள் விரல் இருக்கவே கூடாது. 50 மில்லிமீற்றர் ஆணிக்கு நான் ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பேன். இயலுமானால் கையே வேண்டாம், கிளாம்ப் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பட்டறைக்குள் யாரையும் விடுவதில்லை, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உட்பட. விசையைப் பிடித்தபடியே தட்டித் தட்டி அடிக்கும் முறையை இந்த மாதிரி வேலைக்குத் தொடுவதேயில்லை. கருவியின் மூக்கை மரத்தில் அழுத்திய பிறகு விசை, ஓர் அழுத்தலுக்கு ஓர் ஆணி, அவ்வளவுதான். தட்டி அடிக்கும் முறையில் காயப்படும் அபாயம் இரு மடங்கு என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. ஆணி சிக்கினால் முதலில் பற்றரியைக் கழற்றுங்கள், பிறகு மூக்கைத் திறக்கலாம்.

பழைய மரம் என்பதால் இன்னொரு தொல்லை. நிலைக்குள் முறிந்து கிடக்கும் பழைய ஆணியில் புது ஆணி மோதினால் எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டி, சட்டம் முழுவதும் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நூல் சரிந்த இடமெல்லாம் பென்சில் புள்ளி.

ஆணி இறங்கும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆழச் சில்லு பற்றி ஒரு வார்த்தை. வேம்புக்கு வைத்த அளவில் முதிரைக்கு அடித்தால் ஆணித்தலை வெளியே நிற்கும். முதிரைக்கு வைத்த அளவில் வேம்புக்கு அடித்தால் தலை ஆழப் புதைந்து குழி விழும். மரம் மாறும்போதெல்லாம் அதே மரத்தின் துண்டொன்றில் அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடிக்கும் கணத்தில் கருவி பின்னுக்குத் துள்ளுவதால், மேலே மற்றக் கையால் அழுத்துவதும் உதவுகிறது.

அயலிலுள்ள ஆசாரியார் ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஆணி பசை காயும்வரை பிடித்துவைக்கும். மரத்தைப் பிடித்துவைக்காது” என்றார். சரிதான். பாரம் தாங்கும் மூட்டுகள் எல்லாம் கழுந்தும் துளையுமாகத்தான் இருக்கின்றன.

கனடாவிலிருந்து உறவினர் மூலம் இந்தக் கருவியை எடுப்பிக்க நினைப்பவர்களுக்கு: அங்குள்ள சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ற்றுக்கானது. நம் 230இல் நேரே செருகினால் புகைதான் வரும். பெட்டியில் 20 வோல்ற் என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம், வேலை செய்யும்போது அதுவும் 18தான். உதிரிப் பற்றரி விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். 5 ஆம்பியர்-மணிப் பற்றரி 90 வோற்-மணி. 100க்கு உட்பட்டதால் தனி அனுமதி தேவையில்லை. எரிவாயுக் குப்பியில் இயங்கும் வகையை வாங்கவே வாங்காதீர்கள். அந்தக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆணி, யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது. கொழும்புக்குப் போகிறவர்களிடம் பழைய சோனகத் தெருவில் எடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது பனஞ்சிலாகையில் ஒரு படலை. ஆசைக்கு ஒரு துண்டில் அடித்துப் பார்த்தேன். பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான். அந்தக் கறுப்பு நாருக்குள் 18 கேஜ் ஆணி பாதி போய் மடங்கிச் சுருண்டுவிட்டது. குறுக்குப் பிடி, நீளப் பிடி எதுவும் எடுபடவில்லை. படலைக்குத் துளையிட்டுத் திருகாணிதான்.

அதற்கு முன் அலுமாரிக் கதவுக்குப் பித்தளைப் பிணைச்சல் தேட வேண்டும். இதுவரை பார்த்த கடைகளில் பித்தளை என்று தந்ததெல்லாம் காந்தத்தில் ஒட்டுகிறது.