கோக்கர்ஸ் வாக்கிலிருந்து தெரியும் விளக்குகள்: கொடைக்கானல் குளிர்கால நாட்குறிப்பு

டிசம்பர் 13

கார்த்திகை தீபத்தன்று கீழே ஊர்களெல்லாம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஐந்தரை மணிக்கே கோக்கர்ஸ் வாக்குக்குப் போனேன். மூடுபனி கைப்பிடிக் கம்பிவரை ஏறி வந்திருந்தது. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த இந்த ஒரு கிலோமீட்டர் நடைபாதையில், வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை மாலைக் காட்சியை நம்ப முடியாது என்பது ஊர்க்காரர்கள் அறிந்ததுதான். வெயில் முதுகுப்பக்கம் தாழ்ந்திருந்து எதிரே பனி நின்றால், நம் நிழலே வண்ண வளையத்தோடு பனிமேல் பெரிதாக விழுவதுண்டு. இன்று வெயிலும் இல்லை, விளக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 28

இரண்டு நாள் தூறலுக்குப் பிறகு இன்று பளிச்சென்று வெளுத்துவிட்டது. பெரியகுளத்திலிருந்து மச்சான் வந்திருந்தார். மலையேறுவதற்கு இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதைப் பற்றி வழியெல்லாம் குறைபட்டுக்கொண்டே வந்தவர், விளிம்பில் நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருடைய ஊர் நேர் கீழே, ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மீட்டர் பள்ளத்தில் கிடந்தது.

பொழுது சாய்ந்தது ஆறேகால் மணிக்குச் சற்று முன்பு. அப்போதும் சமவெளியில் வெளிச்சம் மிச்சமிருந்தது. கண்மாய்கள் வானத்தின் நிறத்தை வாங்கி மின்னின, மாந்தோப்புகள் மட்டும் முன்கூட்டியே கறுத்துவிட்டன, அவற்றுக்கு அப்பால் வைகை அணையின் நீர் சாம்பல் நிறத் திட்டாகத் தெரிந்தது. முதலில் சாலை விளக்குகள் எரிந்தன. பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, ஊரின் நடுவே வெளிச்சமே இல்லாத ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. அதுதான் வராக நதி. அதற்கு இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை. “அந்த இருட்டுக்கு அங்கிட்டுதான் நம்ம தெரு இருக்கணும் மாப்பிள்ளை” என்று மச்சான் விரலை நீட்டினார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு குடும்பத்துக்கும் அதைக் காட்டிக் கொடுத்தார்.

நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கிறது. நிலமும் விளக்கும் ஒருசேரத் தெரிவது அந்த நேரத்தில் மட்டுமே. அது கழிந்தால் எது ஊர், எது சாலை, எது தோப்பு என்று பிரித்தறிய முடியாத புள்ளிகள்தாம் எஞ்சும். போதாததற்கு, இருட்டியதும் வாயிலை அடைக்க ஆள் வந்துவிடுவார். தென்கிழக்கே அடிவானத்தில் லேசாகப் படர்ந்திருந்த வெளுப்பு மதுரை என்று நான் சொன்னேன். மச்சான் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சோடியம் விளக்குகள் இருந்த காலத்தில் இந்தக் காட்சி முழுக்க மஞ்சளாக இருந்தது. எல்இடி வந்தபின் தெருக்கள் வெள்ளையாகிவிட்டன. கூர்மை கூடியிருக்கிறது என்றாலும், எனக்கென்னவோ பழைய நிறம்தான் பிடித்திருந்தது.

ஜனவரி 11

மழை நின்று நாளாகிவிட்டதால் மேலே நட்சத்திரங்கள் துல்லியமாக இருக்க, கீழே ஊர்களின்மேல் ஆறிய பாலில் ஏடு படிந்தாற்போலப் புகை படிந்திருந்தது. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதையொட்டிய குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான காற்றுக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் மேலெழ வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் சமவெளி விளக்குகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, வறண்ட ஜனவரியைவிட மழை விட்ட மறுநாளையே பரிந்துரைப்பேன்.

குளிர்ந்த காற்று பள்ளம் தேடி இறங்கும் என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். காலையில் உறைபனி வெள்ளையாகப் படிவது ஏரிக்கரையிலும் ஜிம்கானா புல்வெளியிலும்தான். உயரத்தில் இருக்கும் இந்த விளிம்பில் அவ்வளவு இல்லை. ஆனால் இங்கே காற்று காதை அறுக்கும். குல்லா இல்லாமல் வரக்கூடாது. திரும்பும் வழியில் காட்டெருமை ஒன்று வளைவில் நின்று வேலியோரத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அது தானாக நகரும்வரை, சுக்குக் காபிக் கடைக்காரர் உட்பட எல்லோரும் ஒதுங்கியே நின்றோம்.

பிப்ரவரி 11

தைப்பூசம். பழனி வடக்கே இருப்பதால் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து தெரியாது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குத்தான் போக வேண்டும். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும், ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்தவருமான லீலாவதி இராமநாதன் 1936இல் எழுப்பிய முருகன் கோயில் அது. சூரியன் மறைவது இப்போது ஆறரை மணிவரை தள்ளிப்போய்விட்டதால் விளக்கு வைத்த பிறகு அதிக நேரம் கிடைக்கவில்லை. புகைமூட்டத்தையும் மீறி, பழனி நகரின் வெளிச்சத்துக்குள் இன்னும் அடர்த்தியாக ஒரு திட்டு தெரிந்தது. மலைக்கோயில்தான் என்று அருகில் நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவடியோடு நடந்துவந்தவர்களெல்லாம் அந்நேரம் அங்கேதான் இருந்திருப்பார்கள்.

இனி மாசி, பங்குனியில் சருகு காய்ந்து மலைச்சரிவுகளில் காட்டுத்தீ பிடிக்கும் காலம். புகை இன்னும் தடிக்கும். கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்த மறுநாள் மச்சானை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். மதுரை விவகாரம் இன்னும் முடியவில்லை.