ஏவாளின் அழுகை

புளோரன்ஸ் நகரின் பிரங்காச்சி சிற்றாலயச் சுவரில் மசாச்சோ தீட்டிய ஆதாமும் ஏவாளும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். 1420களின் ஓவியம், ஏதேனிலிருந்து துரத்தப்படும் காட்சி. ஆதாம் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறான். விம்மி அழுபவனுக்கு வயிறு உள்ளே இழுக்குமே, அப்படியே இழுத்திருக்கிறது. ஏவாள் அண்ணாந்து, வாய்விட்டுக் கதறுகிறாள். காலடியில் நிழல் விழுகிறது.

இடைக்காலத்தில் புனிதர்கள் பெரும்பாலும் பொன் பூசிய பின்னணியில் எடையின்றி நின்றார்கள். இங்கே பாதம் மண்ணை மிதிக்கிறது. ஓவியர் ஜியோத்தோ ஒரு நூற்றாண்டு முன்பே இதற்கு வழி திறந்தவர்தான். ஆனாலும் ஐரோப்பியக் கலையின் மறுமலர்ச்சி என்றால் எனக்கு இந்த நிழல்தான்.

பிற்காலத்தவர் கூச்சப்பட்டு அந்த இருவரின் நிர்வாணத்தை இலை வரைந்து மறைத்தார்கள். 1980களில் ஓவியத்தைச் சுத்தம் செய்தபோது அந்த இலைகளை அகற்றினார்கள். மசாச்சோ முப்பதைக்கூடத் தொடாமல் 1428இல் போய்விட்டார்.