ஞாயிறு டியூட்டியும் திங்கள் ஊர்வலமும்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பியபோது ஊரில் பாதிப்பேர் சொன்னது, "பயப்படாதே, அது நம்ம கோயில்காரங்க தேசம்" என்பதுதான். பொறையாறில் லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ், சாக்சனி மாநிலத்தில்தான் இருக்கிறது. பிற்பாடு எங்கள் பக்கம் பள்ளிக்கூடங்கள் நடத்திய லைப்சிக் மிஷனும் அந்த மாநிலத்துக்காரர்களுடையதுதான். எனக்கு வேலை கிடைத்த முதியோர் இல்லமும் அதே சாக்சனியில், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில்.

வந்து பார்த்தால், ஆராதனைக்குப் போக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்க என்னைத் தவிர ஆளில்லை. சாக்சனியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. பழைய கிழக்கு ஜெர்மனியின் நாற்பது வருடக் கம்யூனிச ஆட்சி கோயில்களை அந்த அளவுக்குக் காலி செய்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்குப் போட்டியாக, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கென்று அன்றைய அரசு வளர்த்த சடங்கை, அந்த அரசே போன பிறகும் குடும்பங்கள் விடாமல் நடத்துகின்றன. ஆனால் டிசம்பர் வந்துவிட்டால், ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்ற கிறிஸ்துமஸ் விளக்கு தொங்காத ஜன்னலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த மண்ணில்தான் 2014 அக்டோபரில் பெகிடா இயக்கம் தொடங்கியது. மேற்குலகம் இஸ்லாமியமயமாவதை எதிர்க்கும் தேசபக்தர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். டிரெஸ்டனில் திங்கள்தோறும் ஊர்வலம். ஜெர்மன் கொடியின் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்களைச் சிலுவைக்கே பூசித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த டிசம்பர் 22 அன்று ஓப்பரா அரங்கின் முன்னால் சுமார் 17,500 பேர் கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார்கள். இரண்டு வாரம் கழித்து கொலோனில் அவர்களுடைய கூட்டம் நடந்தபோது, அங்கிருந்த பேராலயம் தன் விளக்குகளை அணைத்துவிட்டது. இதெல்லாம் நான் வருவதற்கு முன்பு நடந்தவை. எனக்குக் கிடைத்தது அதன் மிச்சம்: டீ இடைவேளைப் பேச்சாகவும், உறவினர்கள் வந்துபோகும் நேரத்து வாக்குவாதமாகவும்.

ஒரு பெரியவர் இருந்தார். பள்ளி நாட்களில் திடப்படுத்தல் எடுத்துக்கொண்ட குற்றத்துக்காக மேல்படிப்புக்கு இடம் மறுக்கப்பட்டுத் தச்சு வேலைக்குப் போனவர். அவருடைய மகன் ஞாயிறு மதியம் காபி நேரத்துக்கு வருவார். கேக்கை வெட்டிக்கொண்டே, இது கிறிஸ்தவ நாடு, மசூதிக்காரர்கள் இதை மாற்றிவிடுவார்கள் என்று ஆரம்பிப்பார். ஒருநாள் நான் பெரியவருடைய கால் வீக்கத்துக்கு இறுக்கக் காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மகனைப் பார்த்து, "நம்ம ஊர்க் கோயில் போதகர் பேர் என்ன, சொல்லு" என்றார். மகனுக்குத் தெரியவில்லை. "பெண்மணியா, ஆம்பளையா? அதையாவது சொல்லு." அதுவும் தெரியவில்லை. மகன் என்னைப் பார்த்தார். நான் காலுறையைப் பார்த்தேன்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் எங்கள் சபைக்காரர்களுக்கு இனிப்பாக இருக்கும்: கோயிலுக்குப் போகாதவன் சிலுவையை வேலிக்கம்பாக்குகிறான், போகிறவன் நல்லவன். ஓட்டுக் கணக்கில் அதில் ஓரளவு உண்மை உண்டு. தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள், குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரி ஏஎஃப்டி கட்சிக்கு ஓட்டுப் போடுவது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் பியூ ஆய்வு மையம் மேற்கு ஐரோப்பாவின் 15 நாடுகளில் நடத்தி 2018-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு வேறொன்றைக் காட்டியது. தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள், கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், மதமே இல்லை என்பவர்களைவிடக் குடியேறிகளைப் பற்றி அதிகக் கசப்போடு இருந்தார்கள்.

அதை நம்ப எனக்குக் கணக்கெடுப்பே தேவைப்படவில்லை. இரண்டாம் மாடியில் ஓர் அம்மையார். ஹெர்ன்ஹூட் சபை 1731-லிருந்து வெளியிட்டுவரும் தினவசனப் புத்தகத்தை வாசிக்காமல் காலை உணவைத் தொடமாட்டார். எங்களோடு வேலை செய்த சிரியாக்காரத் தம்பி தன்னைக் குளிப்பாட்டக் கூடாது என்றார். ஆண் என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். ஜெர்மன் பையன் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் பிரியம். "சிஸ்டர், நீங்க நம்ம ஆள்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஊரில் கேட்ட அதே "நம்ம". அங்கே அது தைரியம் கொடுத்தது. இங்கே அந்தத் தம்பி வாசலில் துண்டோடு நிற்கும்போது கேட்க எரிச்சலாக இருந்தது. சிலுவையைக் காட்டி என்னை உள்ளே விட்டார்கள், அதே சிலுவையைக் காட்டி அவனை வெளியே நிறுத்தினார்கள். ஷிப்ட் பொறுப்பாளரிடம் சொன்னேன். சொன்னதற்குப் பலன், அட்டவணையில் அந்த அறை நிரந்தரமாக என் பெயருக்கு வந்ததுதான்.

சபைத் தலைமைகள் வாய் மூடி இருந்தன என்று சொல்ல முடியாது. 2018-இல் பவேரிய முதல்வர் சோடர் அரசுக் கட்டிட வாசல்களில் எல்லாம் சிலுவை மாட்டச் சொன்னபோது, கண்டித்தவர்களில் மியூனிக் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மார்க்ஸும் ஒருவர். 2024 பிப்ரவரியில் கத்தோலிக்க ஆயர்கள் ஒருமனதாக, இனவாத தேசியமும் கிறிஸ்தவமும் சேராது, ஏஎஃப்டிக்குக் கிறிஸ்தவர்கள் ஓட்டுப் போட முடியாது என்றார்கள். லுத்தரன் தலைவர்களும் அதை ஆமோதித்தார்கள். சரி, கேட்க ஆள் வேண்டுமே. 2025 ஜனவரியில் சாக்சனியின் ரீசா நகரத்தில் கூடிய ஏஎஃப்டி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் திட்டத்தைத் தேர்தல் அறிக்கையிலேயே சேர்த்தது. அடுத்த மாதத் தேர்தலில் நாடு முழுக்க 20.8 சதவீதம், சாக்சனியில் 37.3.

அந்த 37.3-இல் ஒருவர் என் சக ஊழியர். மறைக்கிற ஆள் இல்லை. படுக்கைப்புண் வராமல் நோயாளியை ஒற்றை ஆளாகப் புரட்டிப்போடும் நுணுக்கத்தை எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர். "உன்னைச் சொல்லலை" என்பார். அப்போ சிரியாத் தம்பியையா என்றால், "சே, அவனையும் இல்லை. அவன்தான் வேலை செய்யறானே." பிறகு யாரைத்தான் என்றால், டிரெஸ்டன் ஸ்டேஷனில் நிற்கிறவர்களை. எங்களில் யாருக்கும் தெரியாத யாரோ.

டிசம்பர் 24 மாலை எனக்கு டியூட்டி விழுந்தபோது, கேட்காமலேயே மாற்றி எடுத்துக்கொண்டவரும் அவர்தான். "நீ கோயிலுக்குப் போகணும். எனக்கு அங்கே என்ன வேலை?" பதிலுக்கு 31 இரவு டியூட்டியை நான் பார்த்தேன். தேர்தல் முடிந்த வாரம் நைட் ஷிப்டுக்கு ஆள் போதாமல் இரண்டு பேர் நான்கு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தோம். விடியற்காலை மாத்திரை டப்பாக்களை நிரப்பிக்கொண்டே கேட்டார்: "உங்க ஊர்லேருந்து அடுத்த பேட்ச் எப்போ வருது?"